எட்டாயிரம் ரிங்கிட் ‘எடிட்டிங் செட்’: சுங்கை சிப்புட் கடையின் கோட்டேஷனை வரிவரியாகப் படித்தால்

சுங்கை சிப்புட் கடைவரிசையில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை ஒன்று ‘வீடியோ எடிட்டிங் செட்’ என்று தனியாகவே ஒரு கோட்டேஷன் அடித்து வைத்திருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், தீமிதி என்று எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் வந்து கேட்டால் கையில் கொடுப்பது அந்தத் தாளைத்தான். மானிட்டரோடு சேர்த்து எட்டாயிரம் ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஈப்போவுக்கோ கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மாலுக்கோ ஓடாமல் ஊரிலேயே வாங்கலாம், கெட்டுப்போனால் ஊரிலேயே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்டெல் கோர் ஐ7-14700எஃப், பி760 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்5 ராம் நான்கு, ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), 4 டிபி ஹார்ட்டிஸ்க், 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர், 750 வாட் பவர் சப்ளை, முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்த ‘மீன் தொட்டி’ கேசிங், அதில் ஏழு வண்ண விளக்கு ஃபேன், 27 இன்ச் வளைந்த மானிட்டர். விண்டோஸ் ‘போட்டுத் தரப்படும்’. யுபிஎஸ் இல்லை. கார்டு ரீடர் இல்லை.

கேம் விளையாட அருமையான பெட்டி. எடிட்டிங்குக்கு என்றால் பாதிச் சாமானை மாற்றச் சொல்ல வேண்டும். விளக்குக்கும் கண்ணாடிக்கும் போகிற காசை வேலை செய்யும் சாமான் பக்கம் திருப்பினால் கூடுதல் செலவில் ஒரு பகுதி ஈடாகும்.

கடையில் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: என்ன கேமரா, என்ன செட்டிங்கில் எடுக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் திணறுமா ஓடுமா என்பதில் பாதி அந்தப் பதிலைப் பொறுத்தது. சோனி ஏ7 ஃபோர், எஃப்எக்ஸ்30 வகைக் கேமராக்களில் 4:2:2 10-பிட் (நிறத் தகவலை அதிகம் வைத்துக்கொள்ளும் செட்டிங்) என்று போட்டு எடுத்தால் நிறத்தை இழுத்துத் திருத்த நல்ல இடம் கிடைக்கும். மணவறையின் மஞ்சள் விளக்கும் மேடையின் ஊதா எல்இடியும் ஒரே ஃபிரேமில் விழும் டேவான்களில் (மண்டபங்களில்) அது தேவையும்கூட. ஆனால் அந்தக் கோப்பை விரித்துக் காட்டுவது கம்ப்யூட்டருக்குக் கடினமான வேலை. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் உள்ளே வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் எச்.265. இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 4:2:2 10-பிட்டைத் தானாக விரித்துவிடும். எச்.264 4:2:2 10-பிட் இங்கே பேசும் இன்டெல் சிப்புகளுக்கு ஆகாது. ஏஎம்டி ரேடியான் கார்டுகளுக்கு இரண்டுமே ஆகாது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் இரண்டையும் கையாளத் தொடங்கியது 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான். 4060, 3060 எல்லாம் இந்தக் கோப்புகளை அப்படியே சிபியுவின் தலையில் கட்டிவிடும்.

அதனால் இந்தக் கோட்டேஷனில் 50 வரிசைக் கார்டு இருப்பது கடைக்கு ஒரு நல்ல மதிப்பெண். ‘ஸ்டாக் இல்லை, 4060 போட்டுக்கலாமா, அதே ஸ்பீடுதான்’ என்று சொன்னால் தலையாட்ட வேண்டாம். கேமில் வேண்டுமானால் நெருங்கி வரும்; உங்கள் டைம்லைனில் வராது.

உங்கள் கோப்பு எந்த வகை என்று தெரியவில்லையா? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்தால் குரோமா (நிறப் பதிவு) 4:2:0-வா 4:2:2-வா, 8 பிட்டா 10 பிட்டா என்று எழுதிக் காட்டும். அதே கிளிப்பைப் பென்டிரைவில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியில் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் சோதனைப் பதிப்பைத் திறந்து, இரண்டு மூன்று கிளிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். ‘வீடியோ டிகோட்’ கோடு எழும்பினால் கார்டு வேலை செய்கிறது. அந்தக் கோடு தரையிலேயே கிடக்க, சிபியு மட்டும் நூறைத் தொட்டால், அந்தப் பெட்டி உங்கள் கேமராவுக்குப் பொருத்தமில்லை. மென்பொருளும் புதியதாக இருக்க வேண்டும்: பிரீமியர் 25.2, டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ 20, அல்லது அதற்குப் பிந்தியவை. ரிசால்வின் இலவசப் பதிப்பில் எச்.264, எச்.265 கோப்புகளுக்கு விண்டோஸில் முழுமையான ஜிபியு துணை கிடைக்காது. அதை வைத்துச் சோதித்துவிட்டு ‘கார்டு சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஸ்டூடியோ பதிப்பு 295 அமெரிக்க டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், இரண்டு கம்ப்யூட்டரில் போடலாம். திருட்டு பிரீமியரைப் போட்டுத் தந்து அதற்கும் கூலி வாங்குகிற கடைகள் உண்டு. அந்தக் காசைச் சேர்த்து இதை வாங்குவது மேல்.

கார்டு தலைமுறை சரி, நினைவகம் சரியில்லை. 8 ஜிபி வைத்துக்கொண்டு 4கே டைம்லைனில் டேவானின் இருட்டுக் காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால், கூடவே நாலைந்து நோடு (நிறத்திருத்த அடுக்கு) சேர்த்தால், ரிசால்வ் ‘ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது’ என்று சொல்லி நின்றுவிடும். இது மெதுவாக ஓடுகிற கதையே இல்லை. ரெண்டரே பாதியில் அறுந்துபோகும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கேளுங்கள். அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கை நீளுமானால் 5070 டிஐ: அதிலும் 16 ஜிபி, கூடவே வீடியோ எழுதும் என்கோடர் இரண்டு இருக்கிறது. நடுவில் இருக்கும் 5070 வேகமானதுதான், ஆனால் 12 ஜிபி. வெட்டி ஒட்டி நிறம் பார்க்கும் ஸ்டூடியோவுக்கு நான் 5060 டிஐ 16 ஜிபியைத்தான் சொல்வேன்.

சிபியுவுக்கு வருவோம். 14700எஃப்-இல் அந்த ‘எஃப்’ என்ற ஓர் எழுத்துக்கு, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். விலை கொஞ்சம் குறைவு என்பதால் கடைகள் எல்லாம் எஃப்தான் வைக்கும். கேம் பெட்டிக்கு அது சரி. எடிட்டிங் பெட்டிக்கு இரண்டு இழப்பு. ஒன்று, இன்டெல் உள்கிராஃபிக்ஸ் இருந்தால் பல கேமரா கோப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடும்போது அதுவும் ஒரு கை கொடுக்கும். இரண்டாவது இதைவிடப் பெரியது: கார்டு கெட்டுப்போய் வாரண்டிக்கு அனுப்பினால், எஃப் சிபியு வைத்த பெட்டியில் திரையே வராது. இந்த ஊரிலிருந்து கார்டு முதலில் விநியோகஸ்தருக்குப் போக வேண்டும், அங்கிருந்து திரும்ப வேண்டும், வாரக் கணக்கு. பெண் வீட்டார் ஆல்பம் எப்போது, வீடியோ எப்போது என்று போன் அடிக்கும் நேரத்தில் பெட்டி வெறும் இரும்பாக நிற்கும். எஃப் இல்லாத 14700 இருந்தால் கேபிளைப் போர்டில் மாற்றிக் குத்திவிட்டு, மெதுவாகவேனும் வேலையை முடிக்கலாம்.

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை: தனிக் கார்டு குத்தியதும் பல போர்டுகள் உள்கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) ‘ஐஜிபியு மல்டி-மானிட்டர்’ என்று இருக்கும். அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியது உறங்கிக்கொண்டிருக்கும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்புகளில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ச் சிப்பே கெட்டுப்போகிற கோளாறு இருந்ததை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. 0x129, பிறகு 0x12பி என்று மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தங்களும் வந்தன. திருத்தம் இனி கெடாமல் காக்கும், கெட்டதைத் திருப்பித் தராது. எனவே 14700 வாங்கினால் போர்டின் பயாஸ் 2024 செப்டம்பருக்குப் பிந்தியதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பயாஸ் முதல் திரையில் தேதி இருக்கும். இன்னொரு கேள்வி: “தம்பி, சிபியு பாக்ஸா, ட்ரேயா?” இந்தக் கோளாறுக்காக இன்டெல் தன் பெட்டியில் விற்ற சிப்புகளுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. பெட்டி இல்லாமல் மொத்தமாக வரும் ட்ரே சிப் என்றால் விற்றவர்தான் பொறுப்பு. கடை நாளைக்கு இருக்குமா என்பது வேறு கணக்கு.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் இரண்டு வழி. கோர் அல்ட்ரா 7 265: இதிலும் எஃப் உண்டு, எஃப் இல்லாததைக் கேளுங்கள். போர்டு பி860 ஆக மாறும். காசு குறைவாக இருந்தால் ஐ5-14500. அது அந்தக் கோளாறுப் பட்டியலில் இல்லை, 14 கோர், உள்ளே யுஎச்டி 770. ஐ5-14400-ஐ அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; அதில் இருப்பது யுஎச்டி 730, வீடியோ எஞ்சின் 770-இல் இரண்டு, 730-இல் ஒன்று. ரைசன் 9000-ம் நல்ல சிப்தான். உள்கிராஃபிக்ஸ் திரையைக் காட்டும், 4:2:2-க்குக் கைகொடுக்காது; எல்லாம் ஆர்டிஎக்ஸ் கார்டின் பொறுப்பு.

ராம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நான்கு 8 ஜிபி வைத்திருப்பது நான்கும் மின்னுவதற்கு. டிடிஆர்5-இல் நான்கு குச்சி குத்தினால் வேகம் இறங்கும். ரைசன் 9000-க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே இரண்டு குச்சிக்கு 5600, நான்குக்கு 3600. 8 ஜிபி குச்சியின் உள்ளமைப்பும் 16 ஜிபியைவிடச் சற்று மந்தம். இரண்டு 16, முடிந்தால் இரண்டு 32. 2025 கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஆகவே வெட்டு, நிறம் மட்டும் என்றால் 32-இல் ஓட்டலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் செய்பவருக்கு 64 வேண்டும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 4800 என்று காட்டினால் பயாஸில் ராமின் முழு வேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பி போடவில்லை என்று அர்த்தம். ஏஎம்டி பெட்டி என்றால் முதல்முறை கரும்திரையோடு சில நிமிடம் நிற்கும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

சேமிப்பில்தான் இந்தக் கோட்டேஷன் கோட்டை விட்டிருக்கிறது. கணக்குப் போடுங்கள். சோனியில் 4கே 25 ஃபிரேம் 4:2:2 10-பிட் வினாடிக்கு 140 மெகாபிட். மணிக்கு 63 ஜிபி. 50 ஃபிரேம் என்றால் 200 மெகாபிட், மணிக்கு 90 ஜிபி. முதல் நாள் இரவு விருந்து, மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டு கேமரா என்று வைத்தால் ஓடிய நேரம் எட்டு மணி எளிதாக வரும். ஐந்நூறு ஜிபி, ஒரே கல்யாணத்துக்கு. 1 டிபியில் விண்டோஸ், மென்பொருள், ரிசால்வின் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) எல்லாம் உட்கார்ந்த பிறகு ஒரு கல்யாணம்தான் கொள்ளும். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வாரத்துக்கு மூன்று முகூர்த்தம் வரும்போது என்ன செய்வது? 4 டிபி ஹார்ட்டிஸ்கில் வைத்தே எடிட் செய்வார்கள். இரண்டு கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் குதித்துக் குதித்துப் பார்க்கும்போது ஹார்ட்டிஸ்க் திணறும். பழி கார்டின் மேல் விழும்.

1 டிபி விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் இருக்கட்டும். நடக்கிற வேலைக்கும் கேஷுக்கும் தனியாக 2 டிபி என்விஎம்இ ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். கோட்டேஷனில் வெறும் ‘1 டிபி ஜென்4’ என்று இருக்கிறது. பிராண்டும் மாடலும் இல்லை. அங்கேதான் மலிவான கியூஎல்சி வகை எஸ்எஸ்டி நுழையும். அதில் முதல் நூறு இருநூறு ஜிபி பறக்கும். வேகமாக எழுதும் பகுதி நிரம்பியதும் பழைய ஹார்ட்டிஸ்க் வேகத்துக்கு, சிலவற்றில் அதற்கும் கீழே, விழுந்துவிடும். கடையில் காட்டும் வேகச் சோதனை சில ஜிபிதான் எழுதும், அதில் இது தெரியவே தெரியாது. இந்த அளவுக்கு விழாத டிஎல்சி வகை என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். சந்தேகமிருந்தால் 300 ஜிபி கோப்பை ஒரே மூச்சில் நகலெடுத்து, அந்த வேகக் கோடு எங்கே உடைகிறது என்று பாருங்கள். அதற்கும் வேகமான ஜென்5 வேண்டாம், 140 மெகாபிட் கோப்புக்கு அந்த வேகம் தேவையில்லை, சூடு மட்டும்தான் கூடும்.

ஹார்ட்டிஸ்க் முடிந்த வேலைகளை வைக்க மட்டும். அதிலும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை கேட்க வேண்டும். எஸ்எம்ஆர் வகையில் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியிருப்பார்கள். நிறைய எழுதினால் நடுவில் மூச்சு வாங்கும். டபிள்யூடி ரெட் வரிசையில் இதைச் சொல்லாமல் விற்றது 2020-இல் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் ரெட் ப்ளஸ் என்று சிஎம்ஆரைத் தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். 8 டிபி வாங்கினால் பதினாறு கல்யாணம். ஒன்று போதாது, இரண்டு வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். தாலி கட்டுவதை மறுபடியும் எடுக்க முடியாது.

கார்டு ரீடரைத் தாளில் சேர்க்காதது சின்ன விஷயமாகத் தெரியும். பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் வினாடிக்கு 35 எம்பி வரும். 128 ஜிபி கார்டு ஒன்றை இறக்கவே ஒரு மணி நேரம். யுஎச்எஸ்-2 (வேகமான எஸ்டி வகை) கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். நாலு கார்டோடு இரவு பன்னிரண்டு மணிக்கு டேவானிலிருந்து திரும்புகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இனி அந்த மீன் தொட்டி. கடையில் ஏர்கோன் ஓடுகிறது, தரை பளபளப்பு. பெட்டி போய் உட்காரப்போகும் இடமோ கடைவீட்டு மாடி, அல்லது தாமானில் ஓர் அறை. மதியத்தில் உள்ளே 33 பாகை. கூலர் எதுவாக இருந்தாலும் அறை வெப்பத்துக்கு மேலேதான் தன் கணக்கைத் தொடங்கும். கடையில் 70 காட்டிய சிப் இங்கே 80-ஐத் தாண்டும். முன்பக்கம் கண்ணாடி என்பதால் காற்று கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் நுழைய வேண்டும், அங்கே தூசி வலை இல்லை. முதன்மைச் சாலையில் லோரி கிளப்பும் புழுதியோடு, ஸ்டூடியோவிலேயே சாமி மாடம் இருந்தால் காலை மாலை சாம்பிராணிப் புகையும் சேரும். சாம்பிராணிக் கரி வெறும் தூசி மாதிரி ஊதினால் போகாது. ஃபேன் இறகின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டி, அதன்மேல் தூசி படிந்து, சில மாதத்தில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ரேடியேட்டர் இடுக்கை அடைத்துவிடும். ஈரத் துணியும் கொஞ்சம் ஐசோபுரோப்பைலும் வைத்துத் துடைத்தால்தான் வரும்.

முன்பக்கம் வலைத் தகடு, கழற்றிக் கழுவும் ஃபில்டர், 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று. அவ்வளவு போதும். வாட்டர் கூலருக்குப் பதிலாக இரட்டைக் கோபுரக் காற்று கூலர் போடச் சொல்லுங்கள். விலை பாதி, பம்ப் இல்லை, எனவே பம்ப் நிற்கிற பயமும் இல்லை. ஃபேன் நின்றால் எந்தக் கடையிலும் ஒன்று வாங்கி மாட்டலாம். 14700 தன் போக்கில் விட்டால் 219 வாட் வரை இழுக்கும், பல பி760 போர்டுகள் அந்த வரம்பையும் அவிழ்த்துவிடும். பயாஸில் பிஎல்1-ஐ (சிப் தொடர்ந்து இழுக்கும் மின் வரம்பு) 125 வாட் என்று கட்டிப்போட்டால் ஏற்றுமதி நேரம் கொஞ்சம் கூடும், வெப்பமும் சத்தமும் நன்றாக இறங்கும்.

பல்லி. சிரிக்க வேண்டாம். சூடு தேடிப் பெட்டிக்குள் நுழைந்து பவர் சப்ளைக்கும் போர்டுக்கும் பாலம் போட்டுத் தானும் செத்து போர்டையும் சாகடிப்பது இந்தப் பக்கம் நடக்கிற கதைதான், அதை எந்த வாரண்டியும் ஏற்காது. கார்டு மாட்டும்போது பின்பக்கத்து இரும்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டாமலே விட்டுவிடும் பழக்கம் கடைகளில் உண்டு. பெட்டியைத் திருப்பி ஒவ்வொரு இடுக்காகப் பாருங்கள். திறந்திருந்தால் அங்கேயே மூடச் சொல்லுங்கள்.

மானிட்டரை ஒரே வரியில் முடிக்கலாம் என்றால் முடியாது. வளைந்த விஏ பேனல், 180 ஹெர்ட்ஸ், கேமுக்குச் செய்தது. நேராக உட்கார்ந்தால் ஒரு நிறம், சற்று நகர்ந்தால் ஒரு நிறம். கூரைப் புடவையின் சிவப்பும் மஞ்சள் பூசிய முகமும்தான் கல்யாண வீடியோவின் உயிர், இரண்டையும் இது பொய்யாகக் காட்டும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், தட்டை, 27 இன்ச், 1440 அல்லது 4கே, எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு முழுவதும். குறிப்பில் ‘45% என்டிஎஸ்சி’ என்று கண்டால் வைத்துவிடுங்கள். 72% என்றால்தான் எஸ்ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் வரும். வாங்கியதும் ‘விவிட்’, ‘கேம்’ முறைகளை அணைத்து எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றுங்கள். திரையின் நிறத்தைச் சரிசெய்யும் கேலிபிரேட்டர் கருவி ஒன்றை இரண்டு மூன்று ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம்.

கரண்ட். ‘750 வாட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இல்லாத பவர் சப்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செத்தால் தனியாகச் சாகாது. 80 ப்ளஸ் கோல்டு, ஏடிஎக்ஸ் 3.1, பெயர் தெரிந்த பிராண்டு, 650 வாட்டே 5060 டிஐ-க்குப் போதும். 5070 டிஐ என்றால் 750. 5070, 5070 டிஐ கார்டுகளில் சிறிய 16 முள் கனெக்டர் இருக்கும். அது ‘கிளிக்’ என்று முழுதும் உள்ளே போகாவிட்டால் உருகும். பெட்டியை மூடுமுன் கண்ணால் பாருங்கள்.

பேராக்கில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி வழக்கம். யுபிஎஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை வைக்காதீர்கள். 14700, 5060 டிஐ, மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழு வேலையில் 400 வாட் பக்கம் வரும். 1200 விஏ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காமல் பின்னால் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 600 முதல் 720 வரை இருக்கும். அது சில நிமிடம் தாங்கும், சேமித்துவிட்டு அணைக்க அது போதும். இப்போதைய பவர் சப்ளைகளோடு மலிவு யுபிஎஸ்ஸின் போலி சைன் அலை சில நேரம் ஒத்துப்போகாது. கரண்ட் போன அந்த நொடியிலேயே பெட்டியும் அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ரெண்டர் ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். வெப்பமான அறையில் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுதான் வரும்.

இடி மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. ஃபைபர் கம்பியில் கரண்ட் ஓடாது, ஆனால் ரௌட்டரின் அடாப்டர் வழியாக ஏறி லேன் கேபிளில் இறங்கிப் போர்டைச் சுட்டுவிடும். ரௌட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பெரிய இடி என்றால் லேனைப் பிடுங்கிவிடுங்கள். பழைய கடைவீடுகளில் எர்த் இருக்கிறதா என்று முதலில் வயர்மேனை வைத்துப் பார்க்க வேண்டும். கேசிங்கைத் தொட்டால் விரலில் ‘ஜிவ்’ என்றால் எர்த் இல்லை. சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டியும் பயனில்லை.

தனியாளாக, போன் அல்லது எச்.265 கேமரா ஒன்றோடு வேலை செய்பவர் இந்தக் கோட்டேஷனையே வேண்டாம் என்று சொல்லலாம். மேக் மினி எம்4 அந்த வேலைக்குப் போதும். 16 ஜிபி ராம், கையகலப் பெட்டி, கரண்ட் மிகக் குறைவு என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே அரை மணி தாங்கும். ஆனால் ராமைப் பிறகு கூட்ட முடியாது, உள்ளே 256 ஜிபி சேமிப்பு மட்டும் உள்ள மாடல் என்றால் வெளி எஸ்எஸ்டி கட்டாயம், பழுதானால் ஊர்க் கடை ஒன்றும் செய்ய முடியாது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருத்துகிற வேலை சுத்தம். கேபிள்களை முடிந்து பின்னால் அனுப்பிக் காற்று வழியை விட்டிருக்கிறார்கள். தாளில் உள்ளதை மாற்றச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை. மாடல் எண் கொடுத்தால் வரவழைத்துத் தருகிறார்கள், அதற்கு முன்பணம் உண்டு. குறை, தாங்களாக எதையும் கேட்பதில்லை. எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று தெரிந்து போனவருக்கு நல்ல பெட்டி கிடைக்கும். ‘எடிட்டிங்குக்கு ஒன்னு கொடுங்க பாஸ்’ என்று கேட்பவருக்கு விளக்குப் பெட்டி.

முன்பணம் கட்டும் முன் தாளைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள்: கோர் அல்ட்ரா 7 265 அல்லது பாக்ஸ் 14700, எஃப் இல்லாமல், 16 ஜிபி ராம் இரண்டு, 5060 டிஐ 16 ஜிபி, 1 டிபி, 2 டிபி டிஎல்சி என்விஎம்இ, சிஎம்ஆர் 8 டிபி, காற்று கூலர், வலைமுகக் கேசிங், ஐபிஎஸ் மானிட்டர், சைன் அலை யுபிஎஸ், யுஎச்எஸ்-2 ரீடர். ராம் விலை நாளுக்கு ஒன்றாக இருப்பதால், கோட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பொருள் வந்ததும் ரசீதில் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் தனித்தனியாக வேண்டும். ‘ஒரு செட் கம்ப்யூட்டர்’ என்று ஒரே வரியில் அடித்த ரசீதை விநியோகஸ்தர் வாரண்டிக்கு எடுக்க மறுக்கலாம். காலிப் பெட்டிகளையும் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கார்டின் பெட்டியை முக்கியமாக.